கால்வாய் வெட்டியவர்களின் ஸ்தோத்திரம்

சென்னையில பறக்கும் ரயில்ல திருவான்மியூர்ல இருந்து மயிலாப்பூர் பக்கம் போனவங்களுக்குத் தெரியும். தண்டவாளத்தை ஒட்டியே கருப்பா ஒரு தண்ணி கூடவே வரும். நாம மூக்கைப் பொத்திக்கிட்டு மொபைலைப் பார்ப்போம். அதுதான் பக்கிங்ஹாம் கால்வாய். அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கிற எட்டு கிலோமீட்டர் பகுதியை 1877-78ல வெட்டினாங்க. வெட்டினவங்க பட்டினி கிடந்த ஜனங்க. அது ஒரு பஞ்ச நிவாரண வேலை.

இன்னிக்கு எபிசோடு நன்றியைப் பத்தி. கால்வாய்க்கும் நன்றிக்கும் என்ன சம்பந்தம்னு கேட்பீங்க. வரேன்.

போன மாசம் ஒரு மெசேஜ் வந்தது. நம்ம நிகழ்ச்சியைக் கேட்கிற ஒருத்தர், வயசு இருபத்தாறு. ஒரே காலையில மெயில் வந்து வேலை போயிருக்கு. வீட்டுக்குப் போன் பண்ணினா அம்மா சொன்ன முதல் வார்த்தை, "எல்லாத்துலயும் ஸ்தோத்திரம் சொல்லுப்பா." அவருக்கு எரிச்சல். "இஎம்ஐ கட்டறது ஸ்தோத்திரமா? கஷ்டப்படறவன்கிட்ட நன்றி சொல்லச் சொல்றது அவன் வாயை அடைக்கிற வேலை இல்லையா?"ன்னு கேட்டிருக்கார்.

நியாயமான கேள்வி. நான் போதகர் கிடையாது, பகல்ல கோடு எழுதறவன். அதனால உபதேசமா எதுவும் சொல்ல மாட்டேன். கஷ்டத்துக்கு நடுவுல நன்றி சொல்ற இந்தப் பழக்கம் நம்ம மண்ணுல எப்படி நடந்திருக்குன்னு வரலாற்றுல இருந்து சில இடங்களை எடுத்துச் சொல்றேன். தீர்ப்பு உங்க கையில.

முதல் இடம், தாது வருஷப் பஞ்சம்.

1876ல மழை பொய்த்தது. அடுத்த ரெண்டு வருஷம் சென்னை மாகாணம், மைசூர், பம்பாய், ஹைதராபாத் எல்லாம் சேர்த்து அரை கோடிக்கும் மேல செத்திருக்கலாம்னு கணக்கு. எங்க ஊர் தேசூர், வந்தவாசிப் பக்கம். அந்தக் காலத்துல வட ஆற்காடு மாவட்டம். சுத்துவட்டாரம் முழுக்க ஆரணிப் பட்டு நெசவு. தறிக்காரங்களுக்குப் பஞ்சம் எப்படி வரும்னு யோசிச்சுப் பாருங்க. விவசாயிக்கு வயல் காயறப்ப வரும். நெசவாளிக்கு அதுக்கும் முன்னாடியே வந்துடும், ஏன்னா அரிசி விலை ஏறுதுன்னு தெரிஞ்சதுமே ஜனங்க நிறுத்தற முதல் செலவு புதுப்புடவை. தறி இருக்கும், பாவு இருக்கும், கை இருக்கும், வாங்க ஆள் இருக்காது.

அரசாங்கம் நிவாரண வேலை கொடுத்தது. மண் வெட்டணும், கல் உடைக்கணும். கூலி எவ்வளவுன்னு ஒரு பெரிய சண்டையே நடந்தது. 1877 ஜனவரியில சர் ரிச்சர்ட் டெம்பிள், செலவைக் குறைக்கணும்னு வந்து, ஆண் ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஒரு அணாவும் போதும்னார். ஒரு பவுண்டுன்னா 450 கிராம். அது போதாதுன்னு எதிர்த்து நின்னவர் சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ். குறைஞ்சது ஒன்றரை பவுண்டு தானியம், அதோட காய்கறியும் பருப்பும் வேணும்னு வாதாடினார். அதே வருஷம் மார்ச்ல கூலியைக் கொஞ்சம் உயர்த்தினாங்க, ஆனா அவர் கேட்ட அளவுக்கு இல்ல. இந்த கார்னிஷை ஞாபகம் வெச்சுக்கோங்க, கடைசியில அவர் திரும்ப வருவார்.

அந்தச் சமயத்துல மிஷனரிகள் கஞ்சி ஊத்தினாங்க. பஞ்சத்துக்குப் பின்னால திருநெல்வேலியில ஆயிரக்கணக்கான பேர் சபையில சேர்ந்தாங்க. உடனே ஒரு கேலிப் பேர் வந்தது, "அரிசிக் கிறிஸ்தவர்கள்". சோத்துக்காக மதம் மாறினவங்கன்னு அர்த்தம். இன்னிக்கும் யாராவது யூடியூப் கமெண்ட்ல அதைப் போட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க.

இந்த இடத்துல ஓங்கோல் கதையைச் சொல்லியாகணும். அப்போ அது சென்னை மாகாணத்தில் நெல்லூர் மாவட்டம். அங்கே ஜான் கிளஃப்னு ஒரு அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரி. மிஷனரி ஆகறதுக்கு முன்னாடி அவர் அமெரிக்காவுல நில அளவையர். பஞ்சம் வந்ததும் அவர் செஞ்ச காரியம், பக்கிங்ஹாம் கால்வாய்ல சில மைல் தூரத்தை வெட்டித் தரேன்னு அரசாங்கத்துக்கிட்ட காண்ட்ராக்ட் எடுத்தது. அளக்கத் தெரியும், கணக்குப் போடத் தெரியும், ஆளுங்க பட்டினியில இருக்காங்க. தன்னோட உபதேசியார்களை மேஸ்திரிகளா வெச்சார். வந்தவங்கள்ல பெரும்பாலானவங்க மாதிகா ஜனங்க, தோல் வேலை செய்யறவங்க, ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவங்க. மத்த இடங்கள்ல மேஸ்திரிகள் அடிப்பாங்க, கூலியில கை வைப்பாங்க. இங்கே தெரிஞ்ச மனுஷங்க மேஸ்திரியா இருந்தாங்க. வேலைக்கு நடுவுல உட்கார்ந்து பேசினாங்க, ஜெபம் பண்ணினாங்க.

நிறைய பேர் ஞானஸ்நானம் கேட்டாங்க. கிளஃப் மாட்டேன்னுட்டார். நிவாரணப் பணம் கையில இருக்கிற வரைக்கும் யாருக்கும் ஞானஸ்நானம் கிடையாதுன்னு ஒரு வருஷத்துக்கு மேல நிறுத்தி வெச்சார். காரணம் நமக்கே புரியும். கஞ்சிக்கு நன்றிக்கடனா யாரும் வந்துடக் கூடாது. நிவாரணம் முடிஞ்சது, இனிமே கொடுக்க ஒண்ணும் இல்லைன்னு ஆனது. அதுக்கப்புறமும் ஜனங்க வந்தாங்க. 1878 ஜூலை 3ஆம் தேதி குண்ட்லகம்மா ஆத்துல ஒரே நாள்ல 2,222 பேர் ஞானஸ்நானம் வாங்கினாங்க. ஆறு போதகர்கள், இரண்டிரண்டு பேரா மாறி மாறி ஆத்துல நின்னாங்க. அந்த வருஷம் முடியறதுக்குள்ள 9,000 பேருக்கு மேல.

இந்தக் கதையைப் படிச்சப்போ எனக்கு ஒரு விஷயம் தெளிவாச்சு. கிளஃப் ரெண்டு வகை நன்றியைப் பிரிச்சுப் பார்த்திருக்கார். ஒண்ணு கடன். நீ எனக்குச் சோறு போட்டே, அதனால நான் உனக்குக் கட்டுப்பட்டவன். நம்ம ஊர்ல பண்ணையார் எதிர்பார்க்கிற நன்றி இதுதான், செய்நன்றி பேசியே தலைமுறை தலைமுறையா வேலை வாங்குவாங்க. இன்னொண்ணு, கொடுத்தவர் விலகி நின்ன பின்னாடியும் ஒருத்தருக்குள்ள மிஞ்சி நிக்கிறது. அந்த ஆத்தங்கரைக்கு வந்தவங்க ஒவ்வொருத்தர் மனசுலயும் என்ன இருந்ததுன்னு யாராலயும் சொல்ல முடியாது. குடும்பமா, ஊரா முடிவெடுத்தவங்க அதிகம். மரியாதை கிடைக்கும்ங்கிற நம்பிக்கையும் அதுல இருந்திருக்கும், அதுல தப்பு என்ன? ஆனா அரிசி நின்ன பிறகு வந்தவங்களை அரிசிக் கிறிஸ்தவர்கள்னு சொல்ல முடியாது.

அடுத்த இடம், அந்த அம்மா சொன்ன வார்த்தை. ஸ்தோத்திரம்.

சமஸ்கிருத வேர், துதி, புகழ்ச்சி. கோயில்ல சொல்ற ஸ்தோத்திரமும் இதே வார்த்தைதான். தமிழ்க் கிறிஸ்தவர்கள் அதை வீட்டு வார்த்தையா ஆக்கிட்டாங்க. தெருவுல ஒருத்தரை ஒருத்தர் பார்த்தா "ஸ்தோத்திரம் ஐயா", போனை எடுத்தா "ஸ்தோத்திரம்". குழந்தை நல்லபடியா பிறந்தா, ஆபரேஷன் முடிஞ்சு வீடு திரும்பினா ஸ்தோத்திரக் கூட்டம். ஞாயித்துக்கிழமை ஆராதனையில உறையில காசு போட்டு, எதுக்காகன்னு எழுதிக் கொடுத்தா அது ஸ்தோத்திர காணிக்கை. அந்தக் காரணங்களை வரிசையா வாசிக்கறப்போ கேட்டுப் பாருங்க. பிளஸ் டூவில் தேர்ச்சி பெற உதவியதற்காக, விபத்தில் காத்ததற்காக, 25ஆவது திருமண நாளுக்காக. ஒரு தெருவோட ஒரு வாரத்து வாழ்க்கை அதுல இருக்கும்.

இதுக்கெல்லாம் ஆதாரமா எல்லாரும் சுட்டறது பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதின முதல் கடிதத்தோட கடைசி அதிகாரம். எல்லாவற்றிலும் நன்றி செலுத்தச் சொல்றார். கிரேக்க மூலத்துலயும் "எல்லாவற்றிலும்"னுதான் இருக்கு. அதாவது, எந்த நிலைமையில இருந்தாலும் அதுக்குள்ள இருந்துக்கிட்டே. வேலை போனதுக்காக நன்றி சொல்றது வேற, வேலை போன நாள்ல நன்றி சொல்றது வேற. இதை வெச்சு நம்ம நண்பரோட கேள்வியை ஈசியா முடிச்சுடலாம்னு தோணும். ஆனா எபேசியருக்கு எழுதின கடிதத்துல "எல்லாவற்றுக்காகவும்"னும் வருது. அதனால விளக்கம் சொல்றவங்களுக்குள்ள இந்த வாதம் இன்னும் ஓயல.

எனக்கு அந்த இலக்கணத்தைவிட வேற ஒரு விவரம் முக்கியமாப் படுது. கிறிஸ்தவ வழிபாட்டோட மையமான அப்பமும் ரசமும் இருக்கு பாருங்க, கத்தோலிக்கர் நற்கருணைன்னும் மத்தவங்க திருவிருந்துன்னும் சொல்றது. அதுக்குக் கிரேக்கத்துல பேர் யூகரிஸ்தியா. அதுக்கு நேரடி அர்த்தமே நன்றி செலுத்துதல். சுவிசேஷங்களின்படி அந்த நன்றி சொல்லப்பட்டது எப்போ? காட்டிக்கொடுக்கப்பட்ட ராத்திரியில, மறுநாள் சிலுவைன்னு தெரிஞ்சு சாப்பிட்ட சாப்பாட்டுல. அதே ராத்திரியில கொஞ்ச நேரம் கழிச்சு, இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கட்டும்னு கெஞ்சினதும் அவர்தான். நன்றியும் கெஞ்சலும் ஒரே ஆள், ஒரே ராத்திரி.

தமிழ்ல இந்தப் புஸ்தகத்தை முதல்ல அச்சுக்குக் கொண்டு வந்தவர் சீகன்பால்க். 1706ல தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானியர். 1708 அக்டோபர்ல புதிய ஏற்பாட்டை மொழிபெயர்க்கத் தொடங்கினார். அடுத்த மாசமே டேனிஷ் கோட்டையின் தளபதியோட தகராறாகி, நாலு மாசம் சிறை. வெளியே வந்து வேலையைத் தொடர்ந்து முடிச்சு, 1715ல அச்சாச்சு. நம்ம மொழியில இந்த "நன்றி செலுத்துங்கள்" சொந்த அனுபவத்துல சிறை பார்த்த ஒருத்தர் கைப்பட வந்திருக்கு. அதை முதல்ல எழுதின பவுலும் ஜெயிலுக்குப் போய் வந்தவர்தான்.

மூணாவது இடம், எங்க ஊர்ல இருந்து பஸ் ஏறினா போயிடலாம். வேலூர்.

வேலூர் சிஎம்சி கதை பலருக்கும் தெரியும். ஐடா ஸ்கடர் 1870ல ராணிப்பேட்டையில பிறந்தவர். நான் சொன்ன அதே தாது வருஷப் பஞ்சத்தைக் குழந்தையா இருந்து பார்த்தவர். இந்த ஊரே வேணாம்னு அமெரிக்கா போனார். அம்மாவுக்கு உடம்பு சரியில்லன்னு திரும்பி வந்தப்போ, ஒரே ராத்திரியில மூணு வீட்டு ஆண்கள் தனித்தனியா வந்து, மனைவிக்குப் பிரசவம், பெண் மருத்துவர் வேணும்னு கேட்டாங்க. இவர் டாக்டர் இல்ல. அப்பா டாக்டர்தான், ஆனா ஆண் மருத்துவரை அவங்க ஏத்துக்கல. மூணு பெண்களும் செத்துட்டாங்க. ஐடா படிக்கப் போனார், 1900ல திரும்பி வந்து ஒரே ஒரு கட்டில் போட்டு மருத்துவம் தொடங்கினார், 1918ல பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. அந்த மூணு மரணத்துக்கு யாரும் நன்றி சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. அது நடந்திருக்கவே கூடாதுங்கற கோபத்துல இருந்துதான் ஆஸ்பத்திரி வந்தது.

அதே சிஎம்சியில படிச்சவர் டாக்டர் மேரி வர்கீஸ், கொச்சிக்காரர். 1954ல சக டாக்டர்களோட போன ஒரு பயணத்துல வண்டி கவிழ்ந்தது. இடுப்புக்குக் கீழே உணர்வு போயிடுச்சு. வயசு முப்பதுகூட ஆகல. அப்போ வேலூர்ல டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையில சரிபண்ணிக்கிட்டு இருந்தார். கை அறுவை சிகிச்சையை உட்கார்ந்துக்கிட்டே செய்யலாம். மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில இருந்தபடி அதைக் கத்துக்கிட்டார். ஊர் விலக்கி வெச்ச நோயாளிகளோட கைகளை, நடக்க முடியாத ஒரு டாக்டர் சரிபண்ணினார். அப்புறம் நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படிச்சார். 1966ல வேலூர்ல மறுவாழ்வு நிலையம் திறந்தது, முதுகுத்தண்டு அடிபட்டவங்க வாழப் பழகிக்கிற இடம். 1972ல பத்மஸ்ரீ.

இதுல நன்றி எங்கே இருக்குன்னு கேட்டா, நான் இப்படிப் பார்க்கறேன். போனதை ஒரு கணக்கு, இருக்கறதை ஒரு கணக்குன்னு ரெண்டையும் பொய் இல்லாம எழுதணும். கால் போச்சு, அது நஷ்டம், அதுல மழுப்பல் இல்ல. கை இருக்கு, படிப்பு இருக்கு, அதுவும் அதே அளவுக்கு நிஜம். துக்கத்துல நமக்கு ரெண்டாவது கணக்கு கண்ணுக்கே தெரியாது. தினமும் வாய்விட்டு நன்றி சொல்ற பழக்கம் அந்த ரெண்டாவது பக்கத்தைத் திறந்து வைக்குது, அவ்வளவுதான். ஆனா அது ஒருநாள்ல வராது. நெசவு பார்த்தவங்களுக்குத் தெரியும், மழைக்காலத்துல தறிக்குழிக்குள்ள ஈரம் ஏறிடும், வேலை நின்னுடும். அப்பவும் சும்மா இருக்க மாட்டாங்க, அறுந்த இழையை எடுத்து முடிஞ்சுக்கிட்டு இருப்பாங்க. மழை விட்டதும் ஓட்டத் தறி தயாரா இருக்கணுமே.

நாலாவது இடம் சமையலறை. தமிழ்நாட்டுச் சபைகள்ல கைப்பிடி அரிசின்னு ஒரு வழக்கம் உண்டு. உலை வைக்க அரிசி எடுக்கறப்போ, வீட்டம்மா அதுல இருந்து ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில போடுவாங்க. வாரக் கடைசியில அது சபைக்குப் போகும். மிசோரம்ல இதே வழக்கத்தை 1910ல பெண்கள் தொடங்கினாங்க. மறு வருஷமே அங்கே மூங்கில் பூத்து, எலி பெருகி, பயிர் அழிஞ்சு மவுத்தாம் பஞ்சம். ஆனா வழக்கம் இன்னிக்கும் இருக்கு. இப்போ அந்தப் பிடி அரிசியில இருந்து வருஷத்துக்குக் கோடிக்கணக்குல வருதுன்னா பார்த்துக்கோங்க.

இதுல எனக்குப் பிடிச்ச விஷயம் அளவு. ஏழை வீட்டுப் பிடியும் பணக்கார வீட்டுப் பிடியும் கிட்டத்தட்ட ஒரே அளவு. அப்புறம் அது தினமும் நடக்குது, மனசு இருந்தாலும் இல்லாட்டியும். வாங்கிக்கிட்டே இருக்கிற ஒரு பெண், ஒரு நாளைக்கு ரெண்டு தடவை கொடுக்கிறவளா மாறுறா. தென்மாவட்டங்கள்ல அறுப்பின் பண்டிகை பார்த்திருக்கீங்களா? முதல் விளைச்சல்னு வாழைத்தார், பூசணிக்காய், கோழி எல்லாம் சர்ச் வாசலுக்கு வரும். ஏலம் விடுவாங்க. கடையில சில்லறைக்கு வாங்கற எலுமிச்சம்பழத்தை வம்படியா ஏலம் ஏத்தி நூத்துக்கணக்குல கொடுத்து வாங்கிட்டுப் போவாங்க. அப்புறம் எல்லாரும் ஒரே பந்தியில அசனம் சாப்பிடுவாங்க.

இதை நம்ம காலத்து நன்றி டைரியோட ஒப்பிட்டுப் பாருங்க. 2003ல ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோன்னு ரெண்டு அமெரிக்க உளவியலாளர்கள், நன்றிக்குரிய விஷயங்களைப் பட்டியல் போட்டவங்க, தொல்லைகளைப் பட்டியல் போட்டவங்களைவிட நல்ல மனநிலையில இருந்தாங்கன்னு ஆய்வு வெளியிட்டாங்க. அதுக்கப்புறம் ஆப் மேல ஆப். நல்லதுதான். ஆனா டைரியில எழுதின நன்றி என் மனசை லேசாக்கிட்டு டைரியிலேயே தங்கிடலாம். கைப்பிடி அரிசி வீட்டைவிட்டு வெளியே போயே ஆகணும். அது யாரோ ஒருத்தர் தட்டுல விழுந்தாத்தான் முடியுது.

இப்போ நண்பரோட கேள்வியின் ரெண்டாவது பாதி. நன்றி சொல்லச் சொல்றது வாயை அடைக்கிற வேலையா?

ஆமா, அப்படி நிறைய தடவை நடந்திருக்கு. சில ஊர்கள்ல இன்னிக்கும் கல்லறையில தலித் கிறிஸ்தவருக்குத் தனி இடம். அவர்கிட்ட போய், இருக்கறதுக்கு நன்றி சொல்லுன்னு பக்கத்துக் கல்லறைக்காரர் சொன்னா அது அக்கிரமம். அடிபடற மனைவிகிட்ட சொன்னாலும் அப்படித்தான். ஒரு விதி வெச்சுக்கலாம்னு நினைக்கறேன். நன்றி நான் எனக்கு எடுத்துக்கற பயிற்சி. அதை அடுத்தவன் கஷ்டத்துக்கு மருந்தா எழுதிக் கொடுக்கற உரிமை எனக்குக் கிடையாது. அம்மா மாதிரி கூட நின்னு அழுது, பீஸ் கட்டி, பட்டினி கிடந்து வளர்த்தவங்க சொல்லலாம். மேனேஜர் சொல்லக் கூடாது.

இன்னொண்ணு. நன்றி சொல்றவன் புகார் சொல்லக் கூடாதுன்னு பைபிள்லயே இல்ல. சங்கீதப் புஸ்தகத்துக்கு எபிரேயத்துல பேர் துதிகள். அந்தத் துதிகளைப் பிரிச்சுப் பார்த்தா, மூணுல ஒரு பங்குக்கு மேல புலம்பல். ஏன் தூரத்துல நிக்கிறே, எதுவரைக்கும்னு கேட்கற பாட்டுகள். தொகுத்தவங்க அதையும் சேர்த்துத்தான் துதின்னு பேர் வெச்சாங்க.

அதனாலதான் டாக்டர் கார்னிஷை ஞாபகம் வெச்சுக்கச் சொன்னேன். 1877ல 450 கிராமுக்கு யாராவது நன்றி சொல்லியிருப்பாங்க, சாகாம வெச்சதே அதுதான். ஆனா 450 கிராம் போதாதுன்னு அளந்து, எழுதி, மேலிடத்தோட சண்டை போட ஒருத்தர் வேணும். கிளஃப் ஜெபமும் பண்ணினார், காண்ட்ராக்ட்டும் எடுத்தார். நன்றி சொல்ற வாய்க்கே, கூலி குறைவுன்னு சொல்லவும் உரிமை உண்டு.

அந்த நண்பருக்கு நான் எழுதின பதில் சின்னது. கோபம் நியாயம், நோட்டீஸ் காலச் சம்பளம், பிஎஃப், அனுபவச் சான்றிதழ் எல்லாத்தையும் விடாம கேட்டு வாங்குங்க. அப்புறம் அம்மா சொன்னதையும் ஒரு வாரம் முயற்சி பண்ணிப் பாருங்க, ஆனா டைரியில வேணாம். தினம் ஒருத்தர், உங்களுக்கு எப்பவோ உதவினவர், அவருக்கு ஒரு போன். முதல் வேலைக்கு ரெஃபர் பண்ணின சீனியர், கணக்கு சொல்லிக்கொடுத்த டீச்சர், யாரா இருந்தாலும். நன்றி மட்டும் சொல்லுங்க, வேலை கேட்க வேணாம்.

நேத்து அவர்கிட்ட இருந்து பதில் வந்தது. வேலை இன்னும் கிடைக்கல. மூணு பேர்கிட்ட பேசியிருக்கார். மூணாவது ஆள், அவரோட பழைய ரூம்மேட், அவருக்கும் வேலை போய் ரெண்டு மாசமாச்சாம், வீட்டுல சொல்லவே இல்லையாம். ஒண்ணரை மணி நேரம் பேசினாங்களாம். இந்த வாரத்துல இருந்து ரெண்டு பேரும் ராத்திரி ஒண்ணா உட்கார்ந்து இண்டர்வியூவுக்குப் படிக்கறாங்க.

அடுத்த எபிசோடுல பார்ப்போம்.